ஒற்றைக்காலில் நிற்கிறான், பட்டன்தான் போட வரவில்லை

பட்டன் போடுவது, எழுதுவது போன்ற கை வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய, முதலில் ஒற்றைக்காலில் நிற்கவும் சீராக மூச்சு விடவும் பழக்குவோம். இந்தப் பயிற்சி தர வரும் புதியவர்களைப் பார்த்தால், ஆரம்பத்தில் நான் அடித்த அதே கூத்து. அந்தத் தவறுகள்தான் கீழே. சாப்பிட்டதும் குதிக்க விடுவது, சாக்ஸோடு வழுக்குத் தரையில் நிறுத்துவது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

ஸ்டாப்வாட்சும் கையுமாக நிற்பது

4 வயதில் ஒற்றைக்காலில் சுமார் 5 நொடி, 5 வயதில் 10 நொடி வரை நிற்க வரும். இந்தக் கணக்கு காதில் விழுந்ததும் வீட்டில் போட்டி தொடங்கிவிடுகிறது. “ஆடாம நில்லுடா!”

ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். யூகேஜி பையன், அரை நிமிடம் சிலை மாதிரி நிற்கிறான். நேரில் வந்தபோது சட்டைப் பட்டன் போட வரவில்லை. எழுதினால் அடுத்த பக்கத்திலும் தடம் விழுகிற அளவுக்கு அழுத்தம், ரெண்டு வரிக்குள் பென்சில் முனை ஒடிந்தது. வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். தோள் காது வரை ஏறியிருக்கிறது. உதடு இறுகியிருக்கிறது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறது. வயிறு மட்டும் அசையவே இல்லை.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கு ரெண்டு வேலை: மூச்சு விடுவது, உடம்பின் நடுப்பகுதியை உறுதியாகப் பிடிப்பது. முதுகு, வயிற்றுத் தசைகளில் பலம் போதாத பிள்ளை, மூச்சைப் பிடித்து உடம்பை விறைப்பாக்கிச் சமாளிக்கும். அந்த விறைப்பு தோள் வழியாக விரலுக்கு இறங்கும். எழுத உட்கார்ந்தாலும் அதே குறுக்குவழிதான். ஆக, மாதக்கணக்கில் ஃபீஸ் கட்டி, கைதட்டி, எதை விடவேண்டுமோ அதையே பழக்கியிருக்கிறோம். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது அந்தக் கைதட்டலில்தான்.

மாற்று வழி சுலபம். நிற்கும்போது பேச வையுங்கள். காலையில் என்ன சாப்பிட்டான் என்று சொல்லட்டும், சோப்பு நுரைக் குமிழி ஊதட்டும். பேசுகிற வாயால் மூச்சைப் பிடிக்க முடியாது. கை ஆடினால் ஆடட்டும். பேச்சு நின்றால் பயிற்சியும் அங்கேயே நிற்கவேண்டும், 3 நொடி ஆனாலும் சரி. கத்திக்கொண்டே ஆடுகிற பாண்டியும் நொண்டியும் இதற்கு அருமையானவை. அப்புறம் உடனே கை வேலை: உள்ளங்கை நிறையப் புளியங்கொட்டை, அதை ஒவ்வொன்றாக விரல்நுனிக்குத் தள்ளிப் பல்லாங்குழியில் போடுவது. மூச்சு சீராக இருக்கிற அந்தச் சில நிமிடத்தை டிவிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பலூன்

மூச்சுப் பயிற்சிக்குப் பலூன் ஊதுவது 8 வயதுக்குக் கீழ் வேண்டாம். தொண்டையில் அடைத்தால் ஆபத்து. ஸ்ட்ராவால் பஞ்சுருண்டையை ஊதித் தள்ளினால் போதும்.

பெரியவர்களின் பிராணாயாமம்

மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும் சின்னப் பிள்ளைக்கு எதற்கு? நிதானமாக, நீளமாக வெளியே விடப் பழகட்டும். நாலைந்து தடவைக்குமேல் தொடர்ந்து ஊதினால் தலைசுற்றலாம், இடையில் நிறுத்துங்கள்.

தொங்கும் கால்

நாற்காலியில் பாதம் தொங்கினால் கீழே ஒரு மணை போடுங்கள்.

ஒரே கால்

எப்போதும் ஒரே காலில் நிறுத்தாதீர்கள், ரெண்டு காலுக்கும் பழக்கம் வேண்டும்.

எல்லாவற்றையும் பயிற்சியால் சரிசெய்யப் பார்ப்பது

நேற்றுவரை போட்ட பட்டனை இன்றைக்குப் போட முடியவில்லை, நன்றாக நடந்த பிள்ளை அடிக்கடி விழுகிறது என்றால் குமிழி, பல்லாங்குழி எல்லாம் அப்புறம். முதலில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.