இலையுதிர்கால வலசைப் பறவைகளை நீர்நிலைக் காப்பிடத்தில் காண்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வடக்கே குஞ்சு பொரித்து முடித்துத் தெற்கு நோக்கிப் புறப்படும் பறவைகள், வழியில் இறங்கி இரை தேடவும் இளைப்பாறவும் சேற்றுப் பரப்புகளையும் ஆழமற்ற நீர்நிலைகளையும் நாடுகின்றன. அந்தப் பருவத்தில் ஒரு காப்பிடத்துக்கு முதன்முறையாகச் செல்பவர் பெரும்பாலும் குழம்பித்தான் திரும்புவார். கையேட்டின் படத்தில் செங்கல் நிறத்திலும் அடர்கருப்பிலும் மின்னும் பறவை, நேரில் சாம்பலும் பழுப்புமாக, பக்கத்தில் நிற்கும் வேற்றினப் பறவையைப் போலவே இருக்கும். இனப்பெருக்கக் கால இறகுகளைப் பறவைகள் உதிர்த்துக்கொண்டிருக்கும் காலம் இது. ஆகவே இங்கே சொல்லப்படும் முறையில் நிறம் கடைசியாகவே வரும். பறவை நிற்கும் இடம், அதன் நடை, அலகு, கால் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே இறகின் நிறத்துக்குப் போகிறோம். எடுத்துக்காட்டாகக் கூறப்படும் பறவைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் குஞ்சு பொரித்து, ஆப்பிரிக்கா, தெற்காசியா எனத் தெற்கே பரவுபவை.

முதல் படி: காலத்தைத் தேர்தல்

நாள்காட்டியில் இலையுதிர்காலம் பிறக்கும் முன்பே, சேற்றிலும் நீர் விளிம்பிலும் மேயும் கரைப்பறவைகளின் தெற்கு நோக்கிய பயணம் தொடங்கிவிடுகிறது. மரமற்ற வடகோடிச் சமவெளியான தூந்திரத்திலும் வடக்கின் ஊசியிலைக் காடுகளிலும் கூடு கட்டும் உள்ளான் எனும் கரைப்பறவை இனங்களில், முதிர்ந்த பறவைகள் ஜூன் இறுதியிலும் ஜூலையிலுமே புறப்படத் தொடங்கும். பல இனங்களில் குஞ்சுகள் பறக்கப் பழகும் முன்பே பெற்றோரில் ஒன்று கிளம்பிவிடும். மற்றொன்றும் சென்ற பிறகு, அந்த ஆண்டில் பிறந்த இளம்பறவைகள் பெற்றோரின் துணையின்றி, பிறவியிலேயே அமைந்த திசையுணர்வைக் கொண்டு பின்தொடரும். 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் 11 நாள்களில் 13,560 கிலோமீட்டர் பறந்த பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை, பிறந்து ஏறத்தாழ ஐந்து மாதமே ஆன ஓர் இளம்பறவைதான்.

இதனால் ஒரே நீர்நிலை மாதந்தோறும் வேறு முகம் காட்டும். முதலில் தேய்ந்த இறகுகளுடன் முதிர்ந்த உள்ளான்கள் வரும். ஆகஸ்டு, செப்டம்பரில் இளம்பறவைகள் பெருகும். தகைவிலான்களும் மஞ்சள் வாலாட்டிகளும் இதே காலத்தில் கடந்து செல்லும். வாத்துக் கூட்டங்கள் அக்டோபருக்குப் பின்னரே நிறையும். தெற்கே செல்லச் செல்ல இந்த வரிசை சில வாரங்கள் பிந்தும், ஆனால் பெரிதும் மாறாது.

எந்த நாளில் செல்வது என்பதை வானிலையிடம் விட்டுவிடலாம். தெளிந்த வானமும் முதுகில் தள்ளும் காற்றும் அமைந்த இரவுகளில் பறவைகள் புறப்பட்டுப் பறக்கின்றன. வழியில் மழையோ எதிர்க்காற்றோ மறித்தால் கிடைத்த நீர்நிலையில் இறங்கிவிடுகின்றன. எனவே இரவில் மழை பெய்து ஓய்ந்த விடியல், பல நாள் தெளிந்த வானிலையைவிட மிகுதியாகத் தரும். காப்பிடம் கடலோரத்தில் இருந்தால் வேளையை ஓத அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடல்நீர் ஏறும்போது வெளிச்சேற்றில் மேய்ந்த பறவைகள் உட்புறக் குளங்களுக்கு ஒதுங்கும் என்பதால், உச்ச ஓதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் பிடிப்பது நல்லது.

இரண்டாம் படி: பைனாகுலரைக் கண்ணுக்குப் பொருத்துதல்

தொடக்கத்துக்கு 8×42 பைனாகுலர் போதும். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். பத்து மடங்கு உருப்பெருக்கம் கவர்ச்சியாகத் தோன்றினாலும் கை நடுக்கத்தையும் அது பெருக்கிக் காட்டும். பார்வைப் புலமும் பொதுவாகக் குறுகும். பரந்த சேற்றில் பறவையைத் தேடும் புதியவருக்கு இவ்விரண்டும் இடையூறு.

கருவியை வாங்கிய பலர் அதைத் தம் கண்ணுக்குப் பொருத்திக்கொள்வதே இல்லை. கண்ணாடி அணிபவர்கள் கண்குவளைகளைக் கீழிறக்கியும், மற்றவர்கள் மேலேற்றியும் வைக்க வேண்டும். பின்னர் அசையாத ஒரு பொருளை நோக்கி, வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைச் சுழற்றி இடக்கண்ணுக்குக் காட்சியைத் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலப்புறக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்கும் தெளிவாக்குங்கள். சில கருவிகளில் இந்த வளையம் வேறிடத்தில் இருக்கும், வேலை ஒன்றே. இதன் பிறகு நடுச் சக்கரம் மட்டுமே தேவைப்படும். பறவையைக் கண்டதும் அதிலிருந்து பார்வையை விலக்காமல் கருவியைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துவிடும்.

தொலைவில் உள்ள சிறு உள்ளான்களுக்கு, முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் பெரிதும் உதவும் என்றாலும், முதல் பருவத்தில் அது இன்றியமையாதது அல்ல. கேமராவையும் இந்தப் பருவத்துக்கு ஒதுக்கி வைக்கலாம் என்பது என் கருத்து. படம் பிடிப்பவர் பறவை நிற்கும் கணத்துக்காகக் காத்திருக்கிறார். நமக்கு வேண்டியதோ அது நடக்கும் விதம்.

மூன்றாம் படி: நிற்கும் இடம்

சூரியன் முதுகுப்புறம் இருக்க வேண்டும். காலையில் நீர்நிலையின் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. எதிரொளியில் நின்றால் எல்லாப் பறவைகளும் கருநிழல்களாகிவிடும். நடுப்பகலில் சூடேறிய சேற்றின்மேல் காற்று அலைபாய்ந்து காட்சியைக் குலைக்கும், விலையுயர்ந்த வில்லையும் அங்கே பயன்படாது.

காப்பிடத்தில் பறவைகளின் கண்ணில் படாமல் அமர்ந்து பார்க்கும் மறைகுடில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் எழுந்து தெரியாதபடி, புதர் அல்லது கரைச்சரிவை ஒட்டி அமருங்கள். எவ்வளவு நெருங்கலாம் என்பதைப் பறவைகளே சொல்லும். மேய்வதை நிறுத்திக் கழுத்தை உயர்த்தினாலோ, கூட்டமாக ஒரு திசையில் நகரத் தொடங்கினாலோ, நீங்கள் எல்லை மீறிவிட்டீர்கள். அடுத்த பறப்புக்கு வேண்டிய கொழுப்பைச் சில நாள்களில் சேர்த்தாக வேண்டிய பறவையை ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அது சேமித்ததில் ஒரு பகுதி வீணாகிறது. பறவையை வெளியே வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்வதும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டியது.

நான்காம் படி: பெயருக்கு முன் நீரின் ஆழம்

கரையில் அமர்ந்ததும் கையேட்டைத் திறக்காதீர்கள். முதல் கால் மணி நேரத்தில் வெறுங்கண்ணால் நீர்நிலை முழுவதையும் பார்த்து, பின் பைனாகுலரால் இடமிருந்து வலமாக மெல்ல அலசுங்கள். உலர்ந்த சேறு, ஈரச்சேறு, கணுக்கால் அளவு நீர், அதைவிட ஆழமான நீர், நாணல் விளிம்பு எனப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். ஏனெனில் காலின் நீளமும் அலகின் நீளமும் ஒவ்வொரு பறவையையும் அதற்குரிய பட்டையில் நிறுத்திவிடுகின்றன. உப்புக்கொத்திகள் உலர்ந்த, சற்றே ஈரமான சேற்றிலும், கொசு உள்ளான் நீர் தொடும் விளிம்பிலும், பச்சைக்காலியும் பவளக்காலியும் கால் நனையும் நீரிலும், கருவால் மூக்கன் சில நேரம் வயிறு தொடும் ஆழத்திலும் மேயும். தலைகீழாகக் கவிழ்ந்து மேயும் வாத்துகளுக்கு ஆழம் குறைந்த நீரும், மூழ்கி மேயும் வாத்துகளுக்கு அதற்கும் அப்பாலுள்ள நீரும் உரியவை.

நீர்மட்டமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதை இரண்டு மூன்று முறை சென்றால் நீங்களே உணர்வீர்கள். மழையில் குளம் நிரம்பிச் சேறு மூழ்கினால், நேற்று நூற்றுக்கணக்கில் நின்ற உள்ளான்கள் இன்று ஒன்றுகூட இராது. அப்போது பறவைகள் குறைந்துவிட்டன என்று முடிவு கட்டாமல், அருகில் வேறு எங்கே சேறு தெரிகிறது என்று தேடுங்கள்.

ஐந்தாம் படி: நடையும் அலகும்

கரைப்பறவைகளை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். உப்புக்கொத்திகள் சில அடிகள் ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும், மீண்டும் ஓடும். பெரிய கண்களும் குட்டை அலகும் கொண்ட அவை பார்த்து வேட்டையாடுபவை. அதனால்தான் அந்த நிறுத்தம். உள்ளான் வகையில் பலவற்றுக்கு அலகு நுனியிலேயே தொடு உணர்வு செறிந்திருப்பதால், அவை தையல் இயந்திரத்தின் ஊசியைப்போல் சேற்றில் குத்திக்கொண்டே நகரும். இந்த வேறுபாடு, நிறமே தெரியாத தொலைவிலும் தெரியும்.

அடுத்து, எங்கும் காணக்கிடைக்கும் மூன்று உள்ளான்களை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அரிய பறவையைத் தேடி அலைவதைவிட இதில் செலவிடும் நேரம் பன்மடங்கு பயன் தரும். காமன் சாண்ட்பைப்பர் எனப்படும் சாதாரண உள்ளான், ஓயாமல் பின்னுடலை மேலும் கீழும் ஆட்டும். அதன் மார்புக்கும் மடித்த இறக்கைக்கும் இடையே வெண்மை ஒரு கூராக மேலேறியிருக்கும். எழுந்தால் இறக்கைகளை விறைப்பாகச் சிறிதளவே அசைத்து நீரை ஒட்டிப் பறக்கும். உட் சாண்ட்பைப்பர் எனப்படும் பொரி உள்ளானுக்கு முதுகெங்கும் வெளிர்ப்புள்ளிகள், கண்ணுக்குப் பின்னும் நீளும் வெண்புருவம், மஞ்சள் சாயல் கொண்ட கால்கள். கிரீன் சாண்ட்பைப்பர் இவ்விரண்டையும்விடக் கருமையானது. பெரும்பாலும் தனித்து, வாய்க்கால் ஓரங்களில் மறைந்து மேயும். எழுந்து பறக்கும்போது கரிய இறக்கைகளுக்கு நடுவே பின்முதுகின் வெண்மை பளிச்சென்று தெரியும். பொரி உள்ளானின் பின்முதுகும் வெண்மையே என்பதால், ஐயம் எழுந்தால் இறக்கையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்: பொரி உள்ளானுக்கு வெளிர்நிறம், கிரீன் சாண்ட்பைப்பருக்குக் கருமை.

பறக்கும் கணம் மற்ற இனங்களிலும் இப்படித்தான் உதவும். பவளக்காலியின் இறக்கைப் பின்விளிம்பு அகன்ற வெண்பட்டையாக விரியும். பச்சைக்காலியின் இறக்கையில் பட்டை இராது, முதுகில் வெண்கூர் மட்டும் ஏறியிருக்கும், பெரும்பாலும் மூன்று சீரான சீழ்க்கை ஒலிகளும் கேட்கும். நீண்ட நேரேயான அலகுடைய கருவால் மூக்கன் பறந்தால் வெள்ளை இறக்கைப்பட்டையும் கரிய வாலும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். புதியவரை மிகவும் ஏமாற்றுவது பேதை உள்ளான். ஆண் பெண்ணைவிட வெகுவாகப் பெரியது என்பதால், ஒரே கூட்டத்தில் இரண்டு இனங்கள் நிற்பதாகத் தோன்றும்.

வாத்துகளில் நிலைமை இன்னும் சிக்கலானது. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண்கள் பறப்பதற்கான இறகுகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் உதிர்த்து, சில வாரங்கள் பறக்க இயலாமல் இருக்கும். அப்போது பளிச்சிடும் நிறத்தைக் களைந்து, பெண்ணைப் போன்ற பழுப்பு இறகுகளைப் பெறும். அந்தக் கோலம் இலையுதிர்காலம் வரை நீடிப்பதால், தொடக்கத்தில் வரும் கூட்டத்தில் பெண்கள் மட்டுமே இருப்பதுபோல் தோன்றும். இங்கே அலகும் உடலமைப்புமே துணை. தட்டைவாயனின் கரண்டி அலகு, ஊசிவால் வாத்தின் மெலிந்த நீண்ட கழுத்து, நீலச்சிறகியின் முகத்தில் ஓடும் கருங்கோடுகள் ஆகியவை பழுப்புக் கோலத்திலும் மாறாது.

மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் முழுவதும் ஒன்றாக எழுந்தால், அந்தக் கூட்டத்தைப் பின்தொடராமல் வானத்தைப் பாருங்கள். நாணலுக்கு மேல் தாழ்வாக, இறக்கைகளை உயர்த்தியபடி மிதந்து வரும் சேற்றுப் பூனைப்பருந்தோ, உயரத்திலிருந்து பாயும் பொரி வல்லூறோ காரணமாக இருக்கலாம்.

ஆறாம் படி: வயதை அறிதல்

இனம் தெரிந்ததும் வயதைப் பார்க்கப் பழகுங்கள். தொடக்க நிலையில் இதை எவரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் இது அவ்வளவு கடினமும் அன்று. இளம்பறவையின் இறகுகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வளர்ந்தவை என்பதால், முதுகு முழுவதும் ஒரே சீராக, வெளிர் விளிம்புகளுடன் செதில்போல் அடுக்கியிருக்கும். முதிர்ந்த பறவையிலோ தேய்ந்த பழைய இறகுகளும் புதிய சாம்பல் இறகுகளும் கலந்து கிடக்கும். இளம் கொசு உள்ளானின் முதுகில் இரண்டு வெண்கோடுகள் பின்னோக்கிக் குவிந்து ஒரு கூர்முனையை உருவாக்கும். நல்ல ஒளியில் பைனாகுலரிலேயே இது தெரியும்.

ஏழாம் படி: குறிப்பும் எண்ணிக்கையும்

தெரியாத பறவையைக் கண்டால், அது கண்முன் இருக்கும் வரை குறிப்பேட்டில் மட்டுமே எழுதுங்கள்: அருகிலுள்ள தெரிந்த பறவையோடு ஒப்பிட்ட அளவு, தலையின் நீளத்தோடு ஒப்பிட்ட அலகு, கால் நிறம், நடை, பறக்கும்போது வெண்மை தெரிந்த இடம். கையேட்டை முதலில் திறந்தால், அதில் உள்ள படத்துக்கு ஏற்பக் கண் பொய் சொல்லத் தொடங்கும். நாள், நேரம், காற்று, நீர்மட்டம் ஆகியவற்றையும் எழுதுங்கள். எல்லா விவரமும் இருந்தும் பெயர் தெரியாமல் போகும் பறவைகள் எப்போதும் இருக்கும். அவற்றை ‘உள்ளான், இனம் தெரியவில்லை’ என்று எழுதுவதே நேர்மையான பதிவு.

பெரிய கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அந்த அளவைக் கூட்டம் முழுவதும் நகர்த்திச் செல்லுங்கள். இந்த எண்ணுக்குப் பயன் உண்டு. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் நீர்நிலைகளைக் காக்க உருவான உடன்படிக்கையின்படி, ஒரு நீர்ப்பறவை இனத்தின் அல்லது துணையினத்தின் தொகையில் 1 விழுக்காட்டையோ, மொத்தமாக 20,000 நீர்ப்பறவைகளையோ தொடர்ந்து தாங்கும் நீர்நிலை பன்னாட்டு முக்கியத்துவம் பெறத் தகுதியுடையது. எண்ணியவர்கள் இல்லாமல் எந்த நீர்நிலையும் அந்தத் தகுதியை நிறுவ முடியாது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் 2002இல் தொடங்கிய, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் உங்கள் பட்டியலைப் பதிவிடலாம். அடையாளம் கண்ட எல்லா இனங்களையும், காகத்தையும் நாமக்கோழியையும் விடாமல் சேர்த்து, முழுப்பட்டியலாக இடுங்கள். இல்லாத பறவை எது என்பதையும் ஆய்வாளர் அதிலிருந்துதான் அறிகிறார்.

பறவையின் காலில், அதன் பயணத்தை அறிய ஆய்வாளர்கள் இட்ட வண்ணக் கொடியோ வளையமோ தெரிந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், ஒன்றுக்கு மேல் இருந்தால் மேலிருந்து கீழாக எந்த வரிசை, எழுத்தோ எண்ணோ இருந்தால் அது என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். இடம், வலம் என்பது பறவையின் இடம், வலம். பறவை உங்களை நோக்கி நின்றால் மாறித் தெரியும். இந்த விவரங்களை உங்கள் நாட்டின் பறவை வளையமிடும் திட்டத்துக்கு அனுப்பினால், அந்தப் பறவைக்கு வளையமிட்ட இடமும் நாளும் உங்களுக்குத் தெரியவரும்.