சமையலறைக் கல்மேடை: துப்புரவும் பராமரிப்பும்

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் புதிதாகக் கட்டப்படும் பல வீடுகளின் சமையலறை மேடைகளில் கிரனைட் அல்லது மாபிள் பதிக்கப்படுவதைக் காணலாம். பதித்திருப்பது எந்தக் கல் என்பதை உறுதிசெய்யாமல் எதைக்கொண்டும் தேய்க்க வேண்டாம். ஐயமிருந்தால், மறைவான மூலையொன்றில் ஒரு துளி தேசிக்காய்ச் சாற்றை விட்டு, ஐந்து நிமிடத்தின் பின் துடைத்துப் பாருங்கள். அவ்விடம் மினுக்கமிழந்து மங்கினால் அது மாபிள். கல்சியம் காபனேற்றாலான மாபிளை அமிலம் கரைத்துவிடும். சமையலறைப் புளிப்பு எதுவும் கிரனைட்டை அவ்வாறு கரைப்பதில்லை.

மீன், நண்டு வெட்டிய வெடுக்குப் போகத் தேசிக்காய்த் தோலால் மேடையைத் தேய்ப்பது நம்மவர் பழக்கம். கிரனைட்டில் அதனைச் செய்து உடனே கழுவிவிட்டால் பெரிய கேடில்லை. மாபிளில் தேசிக்காய் மட்டுமன்றி, பழப்புளி, வினாகிரி, தக்காளி, சட்டியிலிருந்து சிந்தும் தயிர் ஆகிய எல்லாமே மங்கிய தடத்தை விட்டுச்செல்லும். அத்தடம் அழுக்கன்று, கல்லின் மேற்பரப்பே அரிபட்ட இடம். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் அது போகாது, மறுபடி மினுக்கித்தான் சீராக்க முடியும்.

அன்றாடத் துப்புரவுக்கு, பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளை இளஞ்சுடு நீரில் கலந்து மென்துணியால் துடைத்து, நல்ல நீரால் மீண்டும் துடைத்தெடுத்தால் போதும். அதற்கு முன் மணலைத் தட்டிவிடுங்கள்: மணலிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமத்தின் கடினம், கனிமங்களின் கடினத்தை ஒப்பிடும் மோ அளவில் 7, மாபிளினதோ ஏறத்தாழ 3 என்பதால், காலில் ஒட்டிவந்து துணியில் ஏறும் கடற்கரை மணலே கீறிவிடும். கடைசியாக உலர்ந்த துணியால் ஒற்றுவதைத் தவிர்க்கக் கூடாது. கடினத்தன்மை மிகுந்த கிணற்று நீர் காய்ந்தால் குழாயடியில் வெண்படலம் படியும், அதைச் சுரண்டுவதைவிட வராமல் தடுப்பது எளிது.

தேங்காய் எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்துக்கு, அப்பச்சோடாவை நீரில் தடித்த பசையாகக் குழைத்துப் பூசி, பொலித்தீனால் மூடி, ஒரு நாள் விட்டுத் துடையுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். மஞ்சட்கறை வெயில் பட்டால் தானாகவே வெளிறும், ஆனால் அதன்மீது சோடாவைப் பூசினால் சிவந்து பயமுறுத்தும். மேடை விளிம்பில் பூட்டும் இரும்புத் திருவலையை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். துருக்கறை எல்லாவற்றிலும் பிடிவாதமானது. அதை நீக்கவென விற்கப்படும் திரவங்கள் சிலவற்றிலுள்ள ஹைட்ரோபுளோரிக் அமிலம் கிரனைட்டையே அரிப்பதோடு தோலுக்கும் பெருந்தீங்கு செய்யும்.

மேடையில் சிறிது நீரை விட்டுப் பதினைந்து நிமிடம் பாருங்கள். கல் கறுத்தால், நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூச வேண்டிய காலம் வந்துவிட்டது. கல் ஈரமாக இருக்கையில் சீலர் உள்ளே ஊறாது. ஆதலால் மார்கழி மழையில் இதைத் தொடங்காமல், வெயில் பிடித்தபின் மேடையை நன்கு காயவிட்டுப் பூசி, உள்ளே ஊறாது எஞ்சியதைப் படலமாகக் காயுமுன் துடைத்தெடுத்து, தகரத்தில் குறிப்பிட்ட நேரம்வரை நீர் படாமல் வைத்திருங்கள்.