ஆர் (R) நிரல்மொழியில் மழைத் தரவு: பிழை காட்டாமலே ஓடிவிடும் தவறுகள்

இந்த மாதம் மட்டும் இரண்டு மாணவர்கள் ஒரே மாதிரிப் படத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு அச்சில் மழைமானி அளவு, மறு அச்சில் செயற்கைக்கோள் மழை. புள்ளிகள் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. "சார், சாட்டிலைட் டேட்டா சரியில்லை" என்றார்கள். நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். கோளாறு தரவில் இல்லை, நம் நிரலில். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் ஆரே பிழை என்று சொல்லிவிடும். அதெல்லாம் இங்கே வேண்டாம்; அது சொல்லாமல் விடும் தவறுகளைப் பார்ப்போம்.

ஒரே தேதி, வேறு வேறு நாள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நாள் மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்படுகிறது. முந்தைய நாள் 8.30-லிருந்து பெய்ததெல்லாம் அளந்த நாளின் தேதியில் பதிவாகும். நாசாவின் செயற்கைக்கோள் மழைத் தரவான ஐமெர்க்கின் (IMERG) நாள் கோப்போ யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை. நம் கடிகாரத்தில் அது காலை 5.30 முதல் மறுநாள் 5.30 வரை. இரண்டையும் தேதியை வைத்து இணைத்தால் பொதுவாக இருப்பது வெறும் 3 மணி நேரம். மீதி 21 மணி நேர மழை பக்கத்து வரியில் இருக்கிறது.

2015 சென்னை வெள்ளத்தையே பாருங்கள். தாம்பரத்தில் பதிவான 49 செ.மீ. டிசம்பர் 1 காலை தொடங்கிய 24 மணி நேரத்தில் பெய்தது. மழைமானிக் கணக்கில் அதன் தேதி டிசம்பர் 2. ஐமெர்க்கில் அதே மழையின் பெரும்பகுதி டிசம்பர் 1-இல் கிடக்கும். தேதிப்படி இணைத்தவர் செயற்கைக்கோள் அந்த மழையைத் தவறவிட்டுவிட்டது என்று எழுதிவிடுவார்.

நான் அப்படித்தான் எழுதினேன். அதோடு விட்டேனா? சார்புத் திருத்தம் (செயற்கைக்கோள் அளவை மழைமானியோடு ஒத்துவரச் சரிசெய்வது) செய்து, திருத்திய மழையை வைத்து நீரோட்ட மாதிரியையும் ஓட்டினேன். மூன்று வாரம் போயிற்று. இன்றும் எரிச்சலூட்டுவது எது தெரியுமா? மாத மொத்தத்தில் இந்தத் தவறு கிட்டத்தட்ட மறைந்துவிடும். மாத ஒப்பீடு அழகாக வரும், நாமும் நம்பிவிடுவோம்.

சரி, என்ன செய்வது? ஐமெர்க்கின் அரைமணிக் கோப்புகளை எடுங்கள். நேரத்தை யூடிசி என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்; ஆரின் விருப்பத்துக்கு விடாதீர்கள். தொடக்க நேரத்திலிருந்து 3 மணி நேரத்தைக் குறைத்து, தேதியாக்கி, ஒரு நாள் கூட்டுங்கள். டிசம்பர் 1, 03:00 யூடிசியில் தொடங்கும் கோப்பு டிசம்பர் 2-க்குப் போய்ச் சேரும். ஒரு நாளுக்கு 48 கோப்பு இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, மணிக்கு இத்தனை மி.மீ. என்றிருக்கும் அளவைப் பாதியாக்கி, அப்புறம் கூட்டுங்கள். நாள் கோப்பு மட்டும்தான் கையில் இருந்தால் ஒரு நாள் நகர்த்துங்கள். 3 மணி நேரப் பிசகு மிச்சம் இருக்கும், அதைக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். எதுவானாலும் இணைக்கும் முன் சிசிஎஃப் (ccf: எத்தனை நாள் நகர்த்தினால் இரண்டு தொடரும் நன்றாகப் பொருந்தும் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். உச்சம் பூஜ்ஜியத்தில் இல்லாமல் ஒரு நாள் தள்ளி நின்றால், கோளாறு தேதியில்தான்.

ஆள்கூற்று முறை

இடங்களின் எண்கள் எந்த ஆள்கூற்று முறையில் உள்ளன என்று சொல்லும் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றுவது எஸ்டி_செட்_சிஆர்எஸ் (st_set_crs) கட்டளை. எண்களையே மாற்றுவது எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம் (st_transform). ஏற்கெனவே சீட்டு இருந்தால் ஒரு வரி எச்சரிக்கை வரும், படியுங்கள். சென்னைக்கு யூடிஎம் (இடத்தை மீட்டரில் குறிக்கும் ஆள்கூற்று முறை) மண்டலம் 44 வடக்கு.

-999

மழைக் கோப்பில் இந்த எண் வந்தால் மழை இல்லை என்று அர்த்தமல்ல, அளவீடு இல்லை. சராசரிக்கு முன்பே என்ஏ (NA, ஆரில் விடுபட்ட மதிப்பின் குறி) ஆக்குங்கள்.

தலைகீழ் இந்தியா

வானிலைத் துறையின் கால் டிகிரிக் கட்டங்களாலான பைனரி கோப்பு தெற்கிலிருந்து தொடங்கும். கட்டத் தரவைக் கையாளும் ஆரின் டெரா (terra) தொகுப்பு வடக்கிலிருந்து நிரப்பும், படம் தலைகீழாகிவிடும். ஒரு ஃபிளிப் (flip) கட்டளை போதும்.