வெளிநாட்டுப் பண்ணையில் ஒரு நாளா? முதலில் ஷூவைக் கழுவுங்கள்

வெளிநாடு போகும்போது ஒரு நாளை இயற்கை விவசாயப் பண்ணையில் கழிக்க ஆசையா? அரை நாள் வேலை, பதிலுக்குச் சாப்பாடு, பல இடங்களில் தங்க இடமும் உண்டு. 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘வூஃப்’ (WWOOF) என்ற, தன்னார்வலர்களை இயற்கைப் பண்ணைகளோடு இணைக்கும் அமைப்பின் வழியாகப் பல நாடுகளில் இப்படிப் பண்ணைகள் கிடைக்கின்றன.

சம்பளம் இல்லையே, சுற்றுலா விசா போதும் என்று இருந்துவிடாதீர்கள். நியூசிலாந்தில் சோற்றுக்கும் படுக்கைக்கும் பதிலாகச் செய்வதும் வேலைதான், அதற்கான விசா வேண்டும். போகும் நாட்டின் விதியைத் தூதரகத் தளத்திலேயே பாருங்கள்.

அப்புறம் ஷூ. ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் சேறு மிதித்ததை அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் மண் ஒட்டிய காலணியை அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். பழைய டூத் பிரஷால் அடிப்பள்ளங்களைத் தேய்த்து, வெயிலில் காயவையுங்கள். கழுவினாலும் அந்த நாட்டில் நுழையும்போது நிரப்பும் படிவத்தில் ஷூவைப் பற்றி உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

உடம்பு தாங்குமா என்று தெரிய, சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு பக்கம்தானே! காபிப் பழம் பறிக்கும் டிசம்பர் வாக்கில் தெரிந்தவர் தோட்டத்தில் ஒரு நாள் நில்லுங்கள். நான் பச்சைக்காயையும் சேர்த்து உருவியபோது பக்கத்திலிருந்த அக்கா கையைத் தட்டிவிட்டார். “சிவப்பை மட்டும் திருகி எடு சாமி, கொத்தோட இழுக்காதே.” மத்தியானத்துக்குள் என் கூடையில் பாதிகூட நிறையவில்லை, அவர் இரண்டாவது கூடையில் இருந்தார்.