ரப்பர் முறுக்கில் பறக்கும் விமானம்: முதன்முறை செய்பவர்களுக்கு

1871 ஆகஸ்ட் 18. பாரீஸின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்கிற 21 வயது இளைஞர் ஒரு பொம்மை விமானத்தைக் கையிலிருந்து விட்டார். இறக்கை 45 செ.மீ, மொத்த எடை 16 கிராம், எஞ்சின் என்று பார்த்தால் முறுக்கிய ரப்பர். 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் பறந்தது. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 32 வருஷம் முந்தைய கதை இது. அவர்களுக்கே சின்ன வயதில், 1878-ல், அப்பா வாங்கி வந்து கொடுத்தது பெனோவின் மாதிரியில் செய்த ரப்பர் ஹெலிகாப்டர்தான்.

பெனோவின் விமானத்தில் புரொப்பெல்லர் பின்னால் இருந்தது. நாம் முன்னால் வைத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் புரொப்பெல்லர்கள் அப்படித்தான் வருகின்றன. மற்றபடி அவருடைய சூட்சுமம் அப்படியே.

வேண்டியவை

1 மி.மீ கனம், 75 மி.மீ அகலமுள்ள பால்சா (மிக லேசான ஒரு மரம்) பலகை ஒன்று. 3 × 10 மி.மீ பால்சா குச்சி. கொக்கியும் தாங்கியும் சேர்ந்த 15 செ.மீ பிளாஸ்டிக் புரொப்பெல்லர். 3 மி.மீ அகல ரப்பர் பட்டை 60 செ.மீ. இவை மாடல் கடைகளில் கிடைக்கும். ஜெம் கிளிப், புது பிளேடு, உப்புத்தாள், மரப்பசை, நூல், சின்ன ரப்பர் பேண்டுகள் வீட்டிலேயே இருக்கும். குச்சி புரொப்பெல்லரின் தாங்கிக்குள் நுழைகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பருமனாக இருந்தால் முனையை மட்டும் தேய்த்துக்கொள்ளலாம்.

வெட்டுவது

இறக்கைக்கு 36 × 7 செ.மீ, கிடைவாலுக்கு 14 × 5, நிமிர்ந்த வாலுக்கு 6 × 5. மரத்தின் ரேகை இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கையில் எடுக்கும்போதே பிஸ்கட் மாதிரி உடையும். பிளேடை அழுத்தி ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்காதீர்கள். மூன்று நான்கு முறை மெதுவாக இழுங்கள். குச்சியில் 30 செ.மீ உடலுக்கு, இன்னொரு 10 செ.மீ இறக்கைக்கு அடியில் ஒட்ட.

இறக்கையை மடிப்பது

பொறுமை வேண்டிய இடம் இதுதான். இறக்கை தட்டையாக இருக்கக்கூடாது, முன்னாலிருந்து பார்த்தால் அகன்ற 'வி' மாதிரி தெரிய வேண்டும். என் முதல் விமானத்துக்கு, பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று தட்டையாகவே ஒட்டிவிட்டேன். விட்டதும் ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது சாய்ந்ததுதான், அப்படியே போய் மதில் சுவரில் மோதியது. 'வி' வடிவம் இருந்தால் சாய்ந்த பக்கம் தானாக மேலே எழும்பி நேராகும்.

இறக்கையைச் சரிபாதியாக வெட்டுங்கள். ஒரு பாதியை மேசை விளிம்போடு விளிம்பாக வைத்து, உப்புத்தாள் சுற்றிய கட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து வெட்டுமுனையைத் தேயுங்கள். மற்ற பாதிக்கும் அப்படியே. அடியில் பாலித்தீன் தாள் விரித்து ஒரு பாதியைத் தட்டையாக வைத்து, மற்றதன் நுனிக்குக் கீழே தீப்பெட்டிகளை அடுக்கி 7 செ.மீ உயர்த்துங்கள். இணைப்பில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். தெரியாவிட்டால் பசை தடவி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். உடனடிப் பசை வேண்டாம். விரலும் இறக்கையும் ஒட்டிக்கொள்ளும்.

சேர்ப்பது

10 செ.மீ குச்சியை இறக்கையின் நடுக்கோட்டுக்கு அடியில் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முன்பக்கத்துக்குக் கீழே 3 மி.மீ கனத்தில் ஒரு துண்டை ஒட்டுங்கள். இதனால் இறக்கையின் முன்விளிம்பு ஒரு பொடி தூக்கி நிற்கும். வாலோ உடலோடு சமமாகப் படுத்திருக்கும். பெனோவின் சூட்சுமம் என்று சொன்னேனே, அது இந்தச் சின்ன வித்தியாசம்தான். மூக்கு இறங்கினால் வேகம் கூடும், வால் அதைத் திரும்பத் தூக்கிவிடும்.

உடலின் பின்முனையில் கிடைவாலை மேலே ஒட்டி, அதன் நடுவில் நிமிர்ந்த வாலை நிறுத்துங்கள். ஜெம் கிளிப்பைக் கொக்கியாக வளைத்து, முன்முனையிலிருந்து 25 செ.மீ தள்ளி உடலுக்கு அடியில் நூல் சுற்றிப் பசையிடுங்கள். முன்னால் புரொப்பெல்லர். இறக்கையை மட்டும் ஒட்டாமல் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அது முன்னும் பின்னும் நகர வேண்டும்.

ரப்பர் பட்டையின் இரு முனைகளையும் முடிச்சிட்டு வளையமாக்கி, இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுத் தேயுங்கள். உரசல் குறையும், சீக்கிரம் அறாது. பிறகு கொக்கிகளில் மாட்டிவிடுங்கள்.

முறுக்குவதற்கு முன்

குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் செய்யும் தப்பு: ஒட்டி முடித்ததும் முழு முறுக்கு முறுக்கி விட்டுவிடுவது. முதலில் முறுக்காமல் வீசிப் பார்க்க வேண்டும்.

முன்விளிம்பிலிருந்து சுமார் 3 செ.மீ பின்னால், இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்நுனிகளை வைத்துத் தூக்குங்கள். விமானம் சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இறக்கையை நகர்த்துங்கள். காற்று எழும்பாத அதிகாலையில், புல்தரையில், தோள் உயரத்திலிருந்து மூக்கைத் துளி தாழ்த்தி மெதுவாகத் தள்ளுங்கள். எறியாதீர்கள். மூக்கைத் தூக்கி, நின்று, பொத்தென்று விழுந்தால் இறக்கையை 3 மி.மீ பின்னால் நகர்த்துங்கள். நேராகத் தரையில் குத்தினால் முன்னால். வழுக்கிக்கொண்டு போய் இறங்கும்வரை இதே வேலைதான்.

இப்போது முறுக்கலாம். எதிரே நின்று புரொப்பெல்லரைக் கடிகார முள் சுற்றும் திசையில் 50 சுற்று சுற்றுங்கள். விடும்போது புரொப்பெல்லரை முதலில் விட்டு, அடுத்த நொடி விமானத்தை விடுங்கள். சரியாகப் போனால் 100, அப்புறம் 150, 200. வழுக்கும்போது ஒழுங்காக இருந்து, முறுக்கோடு மட்டும் மூக்கைத் தூக்கினால் இறக்கையைத் தொடாதீர்கள். புரொப்பெல்லர் தாங்கிக்கும் குச்சியின் மேல்பக்கத்துக்கும் நடுவே ஒரு தீக்குச்சிச் சீவலைச் செருகி, புரொப்பெல்லரைக் கீழ்நோக்கிச் சாயுங்கள்.

வீடு திரும்பியதும் ரப்பரைக் கழற்றி, சோப்பில் கழுவி உலர்த்தி, முகப்பவுடர் தூவி வெயில் படாத டப்பாவில் வையுங்கள். பழைய பொம்மை விமானம் ஏதாவது கைக்குக் கிடைத்தால் அதிலுள்ள ரப்பரை முறுக்கிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். காய்ந்த ரப்பர் அறுந்து அடித்தால் மெல்லிய இறக்கை கிழியும். பழைய ரப்பரைக் கவரில் போட்டு அந்தப் பொம்மையின் பெட்டியிலேயே வைத்துவிட்டு, பறக்கவிடப் புதியதை மாட்டுங்கள்.