பாரிஸில் ஆர்கன் கச்சேரி கேட்கப் போகிறவர்களுக்கு

ஆர்கன் என்றால் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான குழாய்களில் காற்றைச் செலுத்தி, விசைப்பலகையால் வாசிக்கும் பிரமாண்டமான தேவாலய வாத்தியம். நான் முதன்முதலில் ஆர்கன் கச்சேரி கேட்டது தற்செயலாகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேன் சுல்பீஸ் தேவாலயத்தில் திருப்பலி முடிந்ததும் கிளம்ப எழுந்தேன். பக்கத்தில் இருந்த முதிய அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, பின்னால் மாடத்தை நோக்கி விரலைக் காட்டினார். அன்று மதியம் வீட்டுக்குப் போக எனக்கு மனமே வரவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ கச்சேரிகள் கேட்டுவிட்டேன். போன வாரம் தெரிந்த தம்பி ஒருவன் ஃபோன் செய்தான். "அக்கா, ஒலிவியே லாத்ரி வாசிக்கிறார், டிக்கெட் எடுத்துவிட்டேன். எனக்கு ஒன்றும் புரியாதே, என்ன செய்வது?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யார் வாசிக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். லாத்ரி 1985-ல், 23 வயதில், நோத்ர தாம் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர்களில் ஒருவராக நியமிக்கப்பட்டவர். எழுதி வைத்த இசையை வாசிப்பதோடு, அந்த நிமிடத்தில் மனத்தில் தோன்றுவதை வாசிப்பதிலும் பெரிய பெயர் உள்ளவர். நாம் மனோதர்மம் என்கிறோமே, அதுதான். பிரான்ஸில் ஆர்கன் கற்பவர்களுக்கு அது விருப்பப் பாடமில்லை, பயிற்சியின் ஒரு பகுதி.

கிளம்பும் முன் வீட்டில் ஒரு பதிவைக் கேளுங்கள், நோத்ர தாம் மறுபடி திறந்த நாளின் பதிவு. 2019 ஏப்ரல் 15 தீ விபத்தில் நோத்ர தாம் ஆர்கன் எரியவில்லை. ஆனால் ஈயத் தூசி படிந்துவிட்டதால் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பூட்டினார்கள். 2024 டிசம்பர் 7 அன்று பேராலயம் திறந்தபோது பேராயர் எட்டு முறை ஆர்கனை அழைத்து எழுப்பினார். ஒவ்வொரு அழைப்புக்கும் மேலிருந்து பதிலாக வந்தது அந்த நிமிடத்தில் தோன்றிய மனோதர்ம இசை. அதைக் கேட்டால் அந்த வாத்தியத்துக்கு எத்தனை குரல்கள் என்று காது பழகிவிடும்.

சரி, எங்கே உட்காருவது? பாரிஸின் பழைய தேவாலயங்களில் பெரிய ஆர்கன் பிரதான வாசலுக்கு மேல் உள்ள மாடத்தில் இருக்கும். நாற்காலிகளோ பீடத்தைப் பார்த்து இருக்கும். அதாவது கலைஞர் உங்கள் முதுகுக்குப் பின்னால், உயரத்தில். மாடத்துக்கு நேர் கீழே உட்காராதீர்கள், ஒலி தலைக்கு மேலே போய்விடும். நான் ஒரு முறை தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, வேகமான பகுதி முழுவதும் ஒரே இரைச்சலாகக் கேட்டுத் தவித்தேன். பீடத்துக்குப் பக்கத்தில் போனாலும் எதிரொலி சுரங்களைக் குழைத்துவிடும். நடுக்கூடத்தில், பாதித் தூரத்தில், ஓரமில்லாத இடம்தான் என் இடம். அரை மணி நேரம் முன்பே போனால் கிடைக்கும். கையையும் காலையும் நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சேன் தஸ்டாஷ் தேவாலயத்துக்குப் போகலாம். அங்கே கீழே கூடத்தில் வைத்தே வாசிக்கக்கூடிய இரண்டாவது கன்சோல், அதாவது கலைஞர் உட்கார்ந்து வாசிக்கும் விசைப்பலகை மேசை, உண்டு.

கல் கட்டடம், உள்ளே குளிரும். வசந்த காலத்திலும் கோட்டைக் கழற்ற வேண்டாம். வைக்கோல் பின்னிய நாற்காலிகள் அசைந்தால் கிறீச்சிடும், நிகழ்ச்சி தொடங்கும் முன்பே வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். நோத்ர தாமில் கைக்கு ஐந்து விசைப்பலகைகள், காலுக்கு ஒன்று, சுமார் 8000 குழாய்கள். ஸ்டாப் என்பது ஒரு குமிழ். அதை இழுத்தால் ஒரு வரிசைக் குழாய்களுக்குக் காற்றுப் போக வழி திறக்கும். சில குழாய்கள் புல்லாங்குழல் இனம். சிலவற்றில் ஹார்மோனியத்தில் இருப்பதுபோலப் பித்தளை நாக்கு உண்டு, பிரெஞ்சு ஆர்கனின் கம்பீரம் அவற்றில்தான். 32 அடி வரிசை என்றால் அதன் மிகப் பெரிய குழாயின் நீளம் சுமார் 32 அடி என்று அர்த்தம். அதன் மிகக் கீழான சுரம் விநாடிக்குச் சுமார் 16 அதிர்வு. அது காதைவிட நெஞ்சிலும் நாற்காலியிலும்தான் தெரியும், பயப்படாதீர்கள். ஆர்கன் செய்வதில் பெயர்பெற்ற கவாயே-கோல் 1862-ல் முடித்த சேன் சுல்பீஸ் ஆர்கனில், கலைஞருக்கு இரு பக்கமும் ஆட்கள் நின்று குமிழ்களை இழுப்பதைப் பார்க்கலாம். 1870 முதல் 1971 வரை அங்கே இருந்த ஆர்கன் கலைஞர்கள் இரண்டே பேர், விதோரும் துய்ப்ரேயும்.

இனி முக்கியமான விஷயம். மனோதர்மம் பெரும்பாலும் கடைசியில் வரும். நிகழ்ச்சிக்கு முன்போ அப்போதேயோ ஒரு மெட்டைக் கலைஞரிடம் கொடுப்பார்கள். பல நேரம் அதை ஒட்டிய உறையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். அவர் முதலில் அதை அலங்காரமில்லாமல் ஒரு முறை வாசிப்பார். அந்த அரை நிமிடத்தில் வேறு எதையும் நினைக்காதீர்கள். உதட்டுக்குள் பாடிப் பாருங்கள். எங்கே ஏறுகிறது, எங்கே தாவுகிறது என்று பிடித்துக்கொள்ளுங்கள். நமக்குக் கச்சேரியில் ராகமும் தாளமும் துணைக்கு இருக்கும். இங்கே சுருதியே நிமிடத்துக்கு நிமிடம் நகரும், தாளம் கரைந்து போகும், கைப்பிடி அந்த மெட்டு மட்டும்தான்.

பிறகு அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள். மெல்லிய குழலில் தலைகீழாக வரும். இரண்டு சுரம் மட்டும் கிள்ளி எடுத்துத் திருப்பித் திருப்பி வாசிப்பார். ஃபியூக் என்ற வகை இசை என்றால், ஒரு குரல் தனியாக மெட்டைத் தொடங்கும், அது பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது குரல் அதே மெட்டோடு நுழையும், மூன்றாவது, நான்காவது. நுழைவுகளை விரல் விட்டு எண்ணுங்கள். முடிவில் கைகள் அதிவேகமாக ஓடிக்கொண்டிருக்க, கால்கள் அதே மெட்டை நீட்டி நீட்டி வாசிக்கும். பல்லவியைக் கீழ்க்காலத்தில் கேட்டவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். நான் அழுதிருக்கிறேன் என்றால் அந்த இடத்தில்தான்.

பல இடங்களில் கலைஞரைத் திரையில் காட்டுவார்கள். எழுதிய இசைக்குத் திரையைப் பாருங்கள், கால் வேலை அழகு. மனோதர்மத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்பேன்.

இப்படி வாசித்தது காற்றோடு போய்விடும், எப்போதாவதுதான் மிஞ்சும். துய்ப்ரே 1921-ல் ஃபிலடெல்ஃபியாவில், கொடுத்த மெட்டுகளை வைத்து பல பகுதிகள் கொண்ட ஒரு முழு சிம்ஃபனியே வாசித்தார். பிறகு அதை எழுதி வைத்ததால் இன்றும் வாசிக்கிறார்கள். நோத்ர தாமின் ஆர்கன் கலைஞராக இருந்த லூயி வியேர்னுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1937 ஜூன் 2 அன்று அங்கே கச்சேரியின் நடுவே, மனோதர்மம் தொடங்க இருந்த நேரத்தில், கன்சோலிலேயே சாய்ந்து இறந்துபோனார். அதனால் கடைசி மெட்ரோவுக்காக முன்கூட்டியே எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும்.

கடைசிச் சுரம் நின்ற பிறகும் கட்டடம் சில விநாடிகள் பாடிக்கொண்டிருக்கும். அது முழுக்க அடங்கட்டும், அப்புறம் கைதட்டுங்கள். எழுந்து, பின்பக்கம் திரும்பி, அண்ணாந்து பாருங்கள். அத்தனை பெரிய குழாய்களுக்கு நடுவே, மாடத்தின் கைப்பிடிச் சுவரருகே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு மனிதர் வந்து தலை வணங்குவார்.