கடல் சாயாத படம்: கிம்ப்பில் முதல் பாடம்

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தைப் படம் எடுக்காதவர்கள் நம்ம பக்கம் குறைவு. அந்தக் காற்றில் போனை ஆடாமல் பிடிப்பதே பெரும்பாடு என்பதால், வீட்டுக்கு வந்து பார்த்தால் கடல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். இதை நேராக்கக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், கிம்ப் (GIMP) போதும். 1995-இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய, படம் திருத்தும் மென்பொருள் இது, 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது, இன்றும் முழுக்க இலவசம். கிம்ப் டாட் ஆர்க் (gimp.org) தளத்தில் மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்னால் படத்தை ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்பாவின் வத்தையை, அதாவது மீன்பிடிப் படகை, நான் எடுத்த ஒரே படத்தை, வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டி 400 பிக்சலுக்குச் சுருக்கி அதன் மேலேயே பதிந்துவிட்டேன். பிறகு பெரிதாக அச்சடிக்கக் கேட்டபோது கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வத்தையும் இப்போது இல்லை.

சரி, படத்தைத் திறந்தாச்சு. ஷிஃப்ட்டையும் எம்-மையும் சேர்த்து அழுத்தினால் அளவுகோல் கருவி வரும். கடலும் வானமும் சேரும் கோட்டின் ஒரு முனையில் அழுத்திப் பிடித்து மறுமுனை வரை இழுங்கள், எவ்வளவு நீளமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு துல்லியம். கருவியின் அமைப்புகளில் 'ஸ்ட்ரெய்ட்டன்' என்ற பொத்தானைத் தட்டினால் கடல் நேராகிவிடும். படம் திரும்பியதால் மூலைகள் காலியாகத் தெரியும், ஷிஃப்ட்டும் சி-யும் அழுத்தி வெட்டும் கருவியை எடுத்து அவற்றை ஒதுக்கி விடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். இங்கேதான் நிதானம் வேண்டும். தனுஷ்கோடி மணலில் உச்சி வெயிலில் ஆளை நிறுத்தி எடுத்தால் மணல் பளிச்சென்றும் முகம் கறுத்தும் வரும். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் திறந்தால் மலை போல ஒரு வரைபடமும் அதன் கீழே மூன்று முக்கோணங்களும் இருக்கும். நடு முக்கோணத்தைக் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்துங்கள், முகம் தெளியும். வெளுத்தே போய்விட்ட மணலை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அங்கே பதிவான விவரமே இல்லை. அதனால் எடுக்கும்போதே போன் திரையில் மணலைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். கறுத்ததைக் கிம்ப்பில் ஓரளவு தூக்கிவிடலாம். காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அளவைக் குறைக்க இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ், அகலம் 1600 பிக்சல் போதும். பக்கத்தில் உள்ள சங்கிலிக் குறி பூட்டியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆள் ஒல்லியாகவோ குட்டையாகவோ ஆகிவிடுவார்.

என்னிடம் அடிக்கடி கேட்பவை சில.

தூரிகை வரையவே மாட்டேன் என்கிறதா? படத்தில் எங்கோ நீங்கள் முன்பு தேர்ந்தெடுத்த ஒரு சிறு பகுதி (செலக்ஷன்) மிச்சம் இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் அழுத்தி அதை நீக்குங்கள். அப்படியும் வரவில்லை என்றால் வேறு லேயரில் (படத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் அடுக்கு) நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

விளம்பரத்துக்காகப் படத்தின் மேல் 'நெத்திலிக் கருவாடு கிடைக்கும்' என்று ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் மறுபடி அடித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

சேவ் கொடுத்தால் ஜேபெக் (எல்லோருக்கும் அனுப்பும் வழக்கமான படக் கோப்பு) வரவில்லையே? சேவ் என்பது கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் (XCF) கோப்பு மட்டும்தான். லேயர்கள் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும், நாளைக்கு விலையை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் அதுதான் கைகொடுக்கும். அனுப்புவதற்கு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ், பெயரின் கடைசியில் .jpg என்று முடித்து, தரம் 90 வையுங்கள். அப்புறம் மூடும்போது 'மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை' என்று கேட்டால் பதற வேண்டாம், எக்ஸ்சிஎஃப்பைத்தான் கேட்கிறது, உங்கள் ஜேபெக் ஏற்கெனவே பதிந்தாகிவிட்டது.